மேயர் இல்லாத மேரி: புதுச்சேரி சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

ஆகஸ்ட் 16 வந்தால் கீழூரில் கொடி ஏறுகிறது. நினைவுத்தூணுக்கு மாலை, தியாகிகளுக்குச் சால்வை, அப்புறம் பேச்சு. அந்தப் பேச்சில் ஒரு கணக்கு தவறாமல் வரும். 1954 அக்டோபர் 18 அன்று 178 பேர் கீழூரில் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். புதுச்சேரியின் தலையெழுத்து அன்று மாறியது. கைதட்டல்.

அந்த 178 பேர் யார் என்று மேடையில் யாராவது விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும். பிரெஞ்சு ஊராக இருந்த சந்திரநாகூர் இந்தியாவோடு போன பிறகு அன்றைய பிரதிநிதிகள் சபையில் மொத்தமே 39 இடங்கள். மற்ற அத்தனை பேரும் கொம்யூன்கள் எனப்பட்ட பிரெஞ்சுக் கால நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்ற உறுப்பினர்கள். அதாவது இன்றைய பேச்சில் சொன்னால் கவுன்சிலர்கள். நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர், திருநள்ளாறு என்று ஊர் ஊராகத் தேர்வாகி வந்தவர்கள்தான் நாம் எந்த நாட்டில் வாழ்வது என்பதை முடிவு செய்தார்கள். அவர்கள் பெயரால் விடுமுறை விடுகிறோம், கொடி ஏற்றுகிறோம். ஆனால் அவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் இன்று ஒருவர்கூடக் கிடையாது. 2006ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. அதற்குப் பிறகு இன்னொரு தேர்தல் நடக்கவில்லை.

இதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் நேரே உள்ளாட்சிக்குள் போனால் 'இது வழக்கமான புலம்பல்' என்று மடலை மடித்துவிடுவீர்கள். அதனால் நீங்கள் எல்லோரும் பெருமையாகப் பேசும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பாரீசுக்கு ஆள் அனுப்பிய ஊர் இது என்று சொல்கிறீர்களே, அந்தப் பழைய தொகுதியிலிருந்து.

பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1848 புரட்சியில் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும் வாக்குரிமை வந்தது, கொஞ்ச காலத்தில் போனது, 1871ல் மறுபடி வந்தது. அன்றிலிருந்து பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் 'பிரெஞ்சு இந்தியா' என்று ஒரு தொகுதி. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சந்திரநாகூர், இந்த ஐந்தும் சேர்ந்து ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அவர் 'தெப்புத்தே'. செனட்டுக்கு வேறு ஒருவர். இன்றைய மக்களவைத் தொகுதி நான்கு துண்டாகக் கிடக்கிறது என்று அலுத்துக்கொள்கிறோம். அது ஐந்து துண்டு, சபையோ கடல் கடந்து வாரக்கணக்கில் கப்பலில் போக வேண்டிய தூரத்தில்.

வாக்கு யாருக்கு? வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும். சொத்து வேண்டாம், வரி ரசீது வேண்டாம். இங்கிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய கடலூரில் அப்போது அதை யாரும் கனவில்கூடக் கண்டிருக்க முடியாது. கடலூர்க்காரர் எல்லோருக்கும் வாக்கு கிடைக்க 1951-52 பொதுத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் பார்த்தால் நம் ஆட்கள் எண்பது ஆண்டு முந்தி.

காகிதத்தில் மட்டும்தான்.

முதலில் போனவர் பனோன் தெபாசேன் தெ ரிஷ்மோன் என்ற பிரபு, 1871ல். அடுத்து ஜூல் கொதேன். பிறகு 1881லிருந்து 1898 வரை பியேர் அலீப், அவருக்குப் பின் ஆன்ரிக் துயிலுக், 1910லிருந்து 1924 வரை போல் புளூய்சேன். பெயர்களைப் படித்தாலே தெரியும், 1945க்கு முன் போனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். லண்டன் நகரத்தில் ஃபின்ஸ்பரி சென்ட்ரல் என்றொரு தொகுதி இருந்தது. இப்போது இல்லை. அந்த ஊர்க்காரர்கள் 1892லேயே தாதாபாய் நவ்ரோஜி என்ற பம்பாய்க்காரரை, விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்கு வித்தியாசத்தில், தங்கள் உறுப்பினராக அனுப்பினார்கள். வாக்காளர் பெரும்பாலும் தமிழராக இருந்த நம் தொகுதியில் தமிழர் ஒருவர் போவதற்கு அதன்பின் அரை நூற்றாண்டு பிடித்தது. 1945ல் தெய்வ ஜீவரத்தினம், அடுத்த ஆண்டு லம்பேர் சரவணன். பெண்களுக்கு வாக்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

ஏன் அப்படி? வெள்ளைக்காரன் ஏமாற்றினான் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பாதி உண்மைதான். மீதி பாதி நம் ஊர்க் கதை. அதைத்தான் உங்களிடம் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1880ல் இங்கே நகராட்சிகள் வந்தன. கொம்யூன் என்றோம். ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம், ஒரு மேரி, அதாவது நகராட்சி அலுவலகம். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அங்கே. வாக்காளர் பட்டியல் அங்கே. தேர்தல் நாளில் வாக்குச்சாவடியின் தலைமை நாற்காலியும் பிரெஞ்சு முறைப்படி மேயருக்குத்தான். யோசித்துப் பாருங்கள். பட்டியலில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதும் அவர் கையில், வாக்காளர் அட்டை யாருக்குப் போகும் என்பதும் அவர் கையில், பெட்டியும் அவர் கையில், எண்ணி அறிக்கை எழுதுவதும் அவர் தலைமையில். அவரோ ஒரு கட்சிக்காரர். இதற்குப் பிறகு வாக்காளர் எதற்கு வீட்டைவிட்டு வர வேண்டும்?

பல தேர்தல்களில் அவர் வரவும் இல்லை. சாவடிப் பக்கம் ஈ காக்கை இல்லாத ஊரில் மாலையில் ஆயிரக்கணக்கில் வாக்கு விழுந்திருக்கும். செத்தவர்கள் வாக்களித்திருப்பார்கள். எதிர்க்கட்சிக்காரன் எட்டிப் பார்க்காமல் இருக்க வாசலில் தடி ஆட்கள், அவர்களுக்குச் சாராயம். உள்ளூர்த் தேர்தல்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. வாக்காளரைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்திருந்தார்கள். ஐரோப்பியர் ஒரு பட்டியல், இந்தியர் ஒரு பட்டியல். 1881 ஆணைப்படி தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு 1884லிருந்து தனிப் பட்டியல். ஒரு கைப்பிடி ஐரோப்பியருக்கு ஒதுக்கிய இடங்களும், லட்சக்கணக்கான மக்களுக்கு ஒதுக்கிய இடங்களும் கிட்டத்தட்ட தோளோடு தோள் நிற்கும். துறந்தவர்களின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. நீதிமன்றத்துக்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தபோது, பாரீஸ் வரை வழக்காடி வென்ற மனிதர். லாப்போர்த் என்று பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவரைப் போன்றவர்கள் சமத்துவம் கேட்டுத்தான் அந்தப் பக்கம் போனார்கள். கிடைத்தது இன்னொரு பட்டியல்.

எதிர்ப்பக்கத்தில் சாதி இந்துக்களின் தலைவராகச் சண்முக வேலாயுத முதலியார். ஏறக்குறைய இருபது ஆண்டுக்கும் மேல் இந்த ஊரின் தேர்தல்கள் அவர் வீட்டுத் திண்ணையில் முடிவானதாகச் சொன்னால் மிகையில்லை. பாரீசில் யார் உட்காருவது என்பதை முதலியார் தீர்மானிப்பார். அதற்கு அவருக்குப் பாரீஸ் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. கொம்யூன்கள் கையில் இருந்தால் போதும். அங்கே போன தெப்புத்தே பதிலுக்கு என்ன செய்வார்? முதலியாருக்குப் பிடிக்காத கவர்னரை மாற்ற வைப்பார், வேண்டியவர்களுக்கு வேலை வாங்கித் தருவார். இரண்டு பக்கமும் லாபம். நடுவில் வாக்காளர் என்று ஒருவர் இருந்தார், பட்டியலில்.

1914 தேர்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் அதில் நம் ஊரில் எல்லோரும் அறிந்த ஒரு பெயர் வருகிறது. போல் ரிஷார் என்பவர் அந்தத் தேர்தலில் நிற்கப் பாரீசிலிருந்து வந்தார். 1910லும் ஒருமுறை தேர்தல் வேலையாக வந்து அரவிந்தரைச் சந்தித்துவிட்டுப் போனவர். 1914 மார்ச் 29 அன்று அவரோடு வந்து இறங்கிய அவர் மனைவி மிர்ரா, பின்னாளில் ஆசிரமத்தின் அன்னை. ஆரோவில் பார்க்க வரும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. அன்னையைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது ஒரு தேர்தல். ரிஷாருக்கு இங்கே படித்த இளைஞர்களிடம் ஆதரவு இருந்தது. முடிவு வந்தபோது புளூய்சேனுக்கு முப்பதாயிரத்துக்கும் மேல், ரிஷாருக்கு முன்னூறுகூட இல்லை. அரவிந்தர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தேர்தல் நடந்த லட்சணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ரிஷார் தோற்றதில் எனக்கு வியப்பில்லை. பெட்டி தன் பக்கம் இல்லாதவர் யாராக இருந்தாலும் அதுதான் கதி.

சரி, இதெல்லாம் பழங்கதை, விடுதலை இயக்கம் வந்ததும் சரியாகிவிட்டதா? அதுவும் இல்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் செத்த பிறகு ஊர் மாறியது உண்மை. 1945ல் தனித்தனிப் பட்டியல் ஒழிந்தது. 1946ல் தேசிய ஜனநாயக முன்னணி பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை பிடித்தது. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா பாரீசின் மேலவைக்கே போனார். ஒரு மூச்சு, தேர்தல் என்றால் தேர்தல்போல இருந்தது.

இரண்டே ஆண்டு. 1948ல் பிரான்சும் இந்தியாவும் பேசி, இந்த ஊர்கள் எங்கே சேர்வது என்பதை மக்கள் வாக்கெடுப்பில் முடிவு செய்யலாம் என்றார்கள். அந்த வாக்கெடுப்பை எப்படி நடத்துவது என்று சொல்லப் போவது யார்? நகர்மன்றங்கள். எனவே அந்த அக்டோபர் நகர்மன்றத் தேர்தலில் மேரியைப் பிடிப்பது உயிர்ப் பிரச்சினை ஆனது. மாஹேயில் வாக்காளர் அட்டை கொடுப்பதில் பாரபட்சம் என்று மக்கள் கிளர்ந்தெழுந்து நிர்வாகத்தையே சில நாள் கையில் எடுத்துக்கொண்டார்கள். புதுச்சேரியில் அப்போது பிரான்ஸ் பக்கம் நின்ற எதுவார் குபேரின் சோஷலிஸ்ட் கட்சி கொம்யூன்களை அள்ளியது. சந்திரநாகூர் மட்டும் 1949 ஜூனில் வாக்கெடுப்பு நடத்தித் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. இந்தியாவுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் வாக்கு, பிரான்சுக்கு 114.

அடுத்து 1951ல் ஹேக் உலக நீதிமன்றத்தின் வழியாக நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து இங்கே சுற்றிப் பார்த்தார்கள். வாக்காளர் பட்டியல் நம்பும்படி இல்லை, மக்கள் பயமில்லாமல் வாக்களிக்கும் நிலை இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றத் தேர்தல். குபேருக்குச் சுமார் தொண்ணூறாயிரம் வாக்கு. எதிர்த்து நின்றவர் அதுவரை உறுப்பினராக இருந்த சரவணன். அவருக்கு இருநூறுகூடத் தேறவில்லை. பதவியில் இருந்தவர், இந்தியாவோடு இணைவதே நல்லது என்ற பக்கம் வந்திருந்தவர். அவருக்குச் சொந்தக்காரர்கள் போட்டிருந்தாலே அதைவிடக் கூடுதலாக விழுந்திருக்குமே என்று தோன்றும். பட்டியல் அப்படி, பெட்டி அப்படி.

அதே குபேர்தான் 1954 மார்ச்சில் அணி மாறினார். அப்போதும் கருவி மேரிதான். மார்ச் 18 அன்று புதுச்சேரிப் பகுதிக் கொம்யூன்களின் மேயர்களும் உறுப்பினர்களும், வாக்கெடுப்பே வேண்டாம், உடனே இணைப்பு என்று தீர்மானம் போட்டார்கள். மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் தேசியக் கொடி ஏறியது. ஏழு மாதத்தில் கீழூர். நவம்பர் 1 கைமாற்றம். 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படி இணைப்பு. குபேர் மனம் மாறியதற்கு என்ன காரணம் என்று இன்றும் பெரியவர்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போடுவார்கள், நான் அதற்குள் போகவில்லை. இன்று பெரிய மார்க்கெட்டும் கடற்கரைச் சாலையும் அவர் பெயரில் இருக்கின்றன. முதல் முதலமைச்சரும் அவர்தான்.

இதற்கு மேல் வரும் நாடாளுமன்றக் கதை உங்களுக்கே மனப்பாடம். முதலில் நியமன உறுப்பினர், 1967லிருந்து நேரடித் தேர்தல். 1971ல் வென்ற மோகன் குமாரமங்கலம் 1973 விமான விபத்தில் இறந்தார். இடைத்தேர்தலில் அரவிந்த பாலா பழனூர். பிறகு ப. சண்முகம் மூன்று முறை, ஃபரூக் மரைக்காயர் மூன்று முறை. நடுவில் 1998ல் தி.மு.க., 2004ல் பா.ம.க., 2014ல் என்.ஆர். காங்கிரஸ் என்று மாறி மாறி. இந்தத் தேர்தல்களில் குறை சொல்ல ஆயிரம் உண்டு. ஆனால் யார் வெல்வார் என்று பெட்டி திறக்கும்வரை தெரியாது, அதுவே போதும். காரணம் எளிது. பட்டியலும் பெட்டியும் போட்டியிடுகிறவர் கையில் இல்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் என்று பேச்செடுத்தால் உங்களில் சிலர் தனிப்பட்ட முறையில் சொல்லும் ஒரு பதில் உண்டு. "அந்தக் காலத்து மேயர்கள் ஆடிய ஆட்டம் தெரியாதா? கொம்யூனைக் கொடுத்தால் ரௌடித்தனம்தான் வரும்." கேட்கக் கொஞ்சம் நியாயம்போலத் தோன்றும். மேலே நான் எழுதியதையே எடுத்து எனக்கு எதிராகக் காட்டலாம். ஆனால் அந்தக் கதையில் கெட்டது எது என்று பாருங்கள். மேயர் இருந்தது கெடுதல் இல்லை. மேயரே நடுவராகவும் இருந்தது கெடுதல். ஆட்டக்காரன் கையில் விசில் இருந்தால் ஆட்டம் அப்படித்தான் போகும். இன்று மாநிலத் தேர்தல் ஆணையம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. நகராட்சித் தலைவர் எவரும் வாக்குச்சாவடியில் தலைமை வகிக்கப் போவதில்லை. நோய் தீர்ந்துவிட்டது, ஆனால் நோயாளியை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

கணக்கைத் திரும்பிப் பாருங்கள். 1968ல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1973ல் பழைய பிரெஞ்சு முறையை எடுத்துவிட்டு நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் புதுச் சட்டம் போட்டோம். சட்டம் போட்டோமே தவிர தேர்தல் வைக்கவில்லை. 1993ல் அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் வந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றன. அப்போதும் இல்லை. கடைசியில் நீதிமன்றம் நெருக்கி 2006ல் நடந்தது, 38 ஆண்டுக்குப் பிறகு. 2011ல் முடிந்தது. 2021ல் தேதி வரை அறிவித்து, வார்டு ஒதுக்கீட்டுச் சிக்கலில் வழக்காகி, அறிவிப்பு திரும்பிப் போனது. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, கிராமப் பஞ்சாயத்துகள், எல்லாம் அதிகாரிகள் பொறுப்பில். பிரெஞ்சுக்காரன் ஆண்டபோது, எவ்வளவு திருட்டுத்தனமாக இருந்தாலும், தேர்தல் என்று ஒன்று நடந்துகொண்டே இருந்தது. சுதந்திர நாட்டில் 1968க்குப் பிறகு ஒரே ஒருமுறை. இதை எந்த மேடையில் எப்படிச் சொல்வீர்கள்?

பக்கத்துக் கடலூரைப் பாருங்கள். நகராட்சியாக இருந்து 2021ல் மாநகராட்சி ஆனது. மறு ஆண்டே 45 வார்டுக்கும் தேர்தல் நடந்து மேயர் வந்துவிட்டார். அங்கே சாக்கடை எல்லாம் தேனாக ஓடுகிறது என்று சொல்லவில்லை. ஆனால் யாரைத் திட்டுவது என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும்.

எங்களுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உங்களைத் திட்டுகிறோம். அதுவும் உண்மை, உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபமும் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு சட்டப்பேரவைத் தொகுதிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர். இங்கே சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம். காலை ஏழு மணிக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். கையில் ஆதார் நகல், ரேஷன் கார்டு, ஒரு மனு. முதியோர் உதவித்தொகைக்கு ஒருவர், குடிநீர் கலங்கலாக வருகிறது என்று ஒருவர், தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர். சட்டம் இயற்ற வேண்டிய ஆள் பல்பு மாற்றச் சொல்லிப் போன் பேசிக்கொண்டிருப்பார். எங்கள் தெருவிளக்குக்காக நானும் அப்படி ஒரு வாசலில் உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம், கட்சியும் வேண்டாம். உதவியாளர் தம்பி மனுவை வாங்கினான், படிக்கவில்லை. "எந்த பூத்து ஐயா?" என்று கேட்டான். பூத் எண்ணைச் சொன்னேன். செல்போனில் ஏதோ பார்த்தான். "சரி, சொல்லிடுறோம்" என்றான். விளக்கு எரிந்ததா என்பது முக்கியமில்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்தப் பழைய சரித்திரத்தைத் தோண்ட வைத்தது. சண்முக வேலாயுத முதலியார் திண்ணையிலும் முதல் கேள்வி கிட்டத்தட்ட அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆக, மேயர்களின் ஆட்டம் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. அன்று மேரியில் இருந்தவர் பாரீஸ் சபையைத் தன் கையில் வைத்திருந்தார். இன்று சபையில் இருக்கிறவர்கள் மேரியைத் தங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். கவுன்சிலர் வந்தால் வாசலில் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் அடுத்த தேர்தலில் என்ன ஆகுமோ என்ற பயம். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று இதில் பேதமே இல்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த ஒரு விஷயத்தில் ஊர் ஒற்றுமை.

மேரி கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம், அதாவது பாரீசுக்கு முதல் தெப்புத்தே போன அதே காலம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய படங்களைப் பார்த்து, பழைய அளவிலேயே, தூணுக்குத் தூண் அப்படியே எழுப்பி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். வேலை அருமையாகச் செய்திருக்கிறார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாலையில் அந்த வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் நின்று பெங்களூர்ப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இடிந்த கட்டடத்தை ஏழு ஆண்டுக்குள் திருப்பிக் கட்ட முடிந்திருக்கிறது. அதற்குள் உட்கார வேண்டிய மன்றத்தைத்தான் முடியவில்லை.

இன்னொரு விசித்திரம். இந்த ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் குடும்பங்களும் மற்றவர்களும், இன்றும் பிரான்ஸ் குடியரசுத் தலைவர் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். 2012லிருந்து வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று நாடாளுமன்றத் தொகுதிகள் ஏற்பட்டு, ஆசியாவும் அடங்கிய பதினோராவது தொகுதியில் நம் ஊரும் சேர்ந்திருக்கிறது. பழைய தொகுதியின் வால் இன்னும் அசைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் பாரீசில் யார் ஆள வேண்டும் என்பதற்கு ஓட்டுப் போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் டெல்லிக்கு யார் போக வேண்டும் என்பதற்குப் போடுகிறார். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலைத் தூர்வாருவது யார் என்பதற்கு இரண்டு பேருக்கும் ஓட்டு இல்லை.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. வார்டு மறுவரையறையும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தார், பெண்கள் ஒதுக்கீடும் சிக்கலான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது செய்ய முடியாத வேலை இல்லை. நாட்டில் எத்தனையோ மாநிலங்கள் வழக்கோடு வழக்காகச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஒதுக்கீட்டுப் பணி எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யார் மேசையில் நிற்கிறது, எப்போது முடியும் என்று பேரவையில் ஒருவராவது எழுத்துபூர்வமான கேள்வி கொடுங்கள். அமைச்சர் சொல்லும் பதிலில் மாதமும் வருடமும் இருக்கட்டும். 'விரைவில்' என்ற சொல்லை ஏற்காதீர்கள், அதை எங்கள் அப்பா காலத்திலிருந்து கேட்கிறோம். எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: ஆட்சியில் இருந்தபோது நீங்களும் நடத்தவில்லை. அந்தக் கூச்சத்தால் சும்மா இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், கீழூர். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. அன்று வாக்களித்த 178 பேரும் எந்தெந்தக் கொம்யூனிலிருந்து வந்தார்கள் என்று ஊர்வாரியாக, தமிழில், தெளிவாக எழுதி வையுங்கள். இணைப்புக்கு எதிராக வாக்களித்த எட்டுப் பேரையும் விடாமல் சேர்த்து. 1871லிருந்து பாரீசுக்குப் போனவர்கள் பட்டியலையும், அந்தத் தேர்தல்கள் நடந்த விதத்தையும் மேரி கட்டடத்தில் வையுங்கள், சுற்றுலாத் துண்டறிக்கையில் போடுவதுபோல மெழுகிப் பூசாமல். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, "இப்போ மேயர் யாரு சார்?" என்று ஆசிரியரைக் கேட்பார்கள். அவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது.

அடுத்த ஆகஸ்ட் 16க்குள் தேதி அறிவித்தால் கீழூருக்கு நானும் வருகிறேன். அறிவிக்கவில்லை என்றாலும் வருவேன், ஆனால் கையில் இந்த மடலின் நகல்கள் இருக்கும். உங்கள் 30 பேருக்கும், நியமன உறுப்பினர்களுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை வாக்காளர் ஒருவர்
புதுச்சேரி